மெட்ரோவில் ஊதிய சங்கு

கே.ஆர்.புரத்தில் ஏறியவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. சாயங்கால நேரத்துப் பெங்களூர் மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் இடம் கிடைத்தால்தான் ஆச்சரியம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செல்போனை எடுத்தார். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு ஆடியோ போட்டிருந்தார்கள். கூட ஒரு வரி எழுத்துகூட இல்லை, அழுகிற முகம் ஒன்று மட்டும். ஏதாவது பழைய பாட்டாக இருக்கும் என்று விரலை வைத்தார்.

சங்கு ஊதியது.

எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நின்று அலறியது. பெட்டி முழுக்க அந்தச் சத்தம்தான். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் இயர்போனைப் பிடுங்கிவிட்டுக் கதவைப் பார்த்தாள். அவர் பதறிப்போய் நிறுத்தும் இடத்தைத் தேட, செல்போன் கை நழுவிக் கீழே விழுந்து, விழுந்த இடத்தில் கிடந்தபடியே ஊதியது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நாலு பக்கமும் திரும்பி 'சாரி, சாரி' என்றார். வாய்தான் அதைச் சொன்னது. ஆள் ஆண்டர்சன்பேட்டையில் இருந்தார். அங்கே அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் அப்போது கடிகாரம் கிடையாது. நேரம் என்பது சுரங்கத்திலிருந்து வரும் ஒரு சத்தம். காலை ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதும்போது அம்மா டிபன் பாக்ஸில் களி உருண்டையை வைத்து, மேலே கருவாட்டுக் குழம்பை ஊற்றி மூடியிருப்பார். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். எதிர்வீட்டுக் கதவும் அப்போதுதான் திறக்கும். தெருவே ஒரு சத்தத்துக்கு எழுந்து, ஒரு சத்தத்துக்குச் சாப்பிட்டு, ஒரு சத்தத்துக்குத் தூங்கியது. எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்பது அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். "இன்னா, இன்னைக்கு ஷிஃப்ட் போகலையா?" என்று ஒரு குரல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடும்.

ஆண்டர்சன்பேட்டை கம்பெனி கட்டிக்கொடுத்த குடியிருப்பு அல்ல. கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் பக்கத்தில், கம்பெனி லைன்களுக்கு வெளியே, கடைகளும் வாடகை வீடுகளுமாக வளர்ந்த பேட்டை. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி தங்கச் சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லைன்களில் தட்டி வைத்துக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். ஒளித்து வைக்க இடமில்லாததால் யாருக்கும் எந்த ரகசியமும் இல்லை.

செய்தி பரவுகிற விதமும் தனி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடே 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலிருந்து குளிர்ந்த காற்றைச் செலுத்தித்தான் ஆட்களை வேலைக்கு விட வேண்டியிருந்தது. அத்தனை ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் உருளும், சுவரில் கோடு விழும். ஒரு முறை அப்படி அதிர்ந்தபோது அவருக்கு ஏழெட்டு வயது. அம்மா அடுப்பை அணைத்தார். தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் வெளியே வந்து நின்றார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாரும் ஒரே திசையில், ஷாஃப்ட்டைப் பார்த்து நடந்தார்கள். அவர் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். நைனாவுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அம்மா அதற்காகச் சந்தோஷப்பட்டு அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்தவளின் கையைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தார்.

2001 பிப்ரவரி கடைசியில் அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கங்களை மூடியது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த மண் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் வீட்டுச் சுவரில் அதற்குள் ஒரு கடிகாரம் வந்து, செல் தீர்ந்து, மாற்ற ஆளில்லாமல் பல வருஷமாக நின்றிருந்தது. சங்கு நின்ற வாரம் அம்மா கடைக்குப் போய் அதற்கு செல் வாங்கிப் போட்டார். தெருவில் மற்ற வீடுகளிலும் அப்படித்தான். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் ஆயிற்று. ஒரு வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும், எதிர்வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்தும்.

சங்கு போன பிறகு ஊரை எழுப்பியது ரயில். சுரங்கம் இருந்த காலத்திலேயே பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. மூடிய பிறகு போகாதவர்கள்தான் குறைவு. மாரிகுப்பத்தில் கிளம்பி, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக அள்ளிக்கொண்டு போகிற வண்டியில் அவரும் பதினோரு வருஷம் போய்வந்தார். போகக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், வரவும் அதே தூரம்.

பெட்டியில் எட்டுப் பேர் கொண்ட ஜமா ஒன்று அவருக்கு இருந்தது. எதிரெதிர் முழங்கால்களின் மேல் துண்டை விரித்தால் மேஜை தயார். சீட்டு விளையாட்டு மாலூர் வரை. அதற்குமேல் தூக்கம். மாதச் சீட்டும் அதே துண்டில்தான். முதல் தேதி தாண்டியதும் ஒருவர் நோட்டை எடுப்பார், பணம் கை மாறும், ஏலம் போகும். அந்தத் துண்டில் சேர்ந்த பணத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்தது. ஒரு நாள் வராவிட்டால் 'லீவு போல' என்பார்கள். இரண்டாவது நாளும் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கு வந்து நிற்பார்கள். அவருக்கு டைபாய்டு வந்தபோது அப்படி மூன்று பேர் வந்தார்கள், ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு. வந்தவர்களில் ஒருவரின் பெயர் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை 'ஜன்னல் சீட்டு'தான் அவர் பெயர்.

இப்போது அதே வண்டியில் அக்கா மகன் போய்வருகிறான். பெட்டியில் யாரும் பேசுவதில்லை, எல்லார் காதிலும் ஏதாவது இருக்கிறது. ஆனால் வண்டிக்கென்று குழு இருக்கிறது. 'பங்காருபேட்டையில் சிக்னல் விழல', 'இன்னைக்கு இருபது நிமிஷம் லேட்டு, மெதுவா வாங்க' என்று விடிவதற்குள் ஐம்பது செய்தி. முந்நூறு பேரின் நம்பர் அவனிடம் உண்டு. எதிரே உட்கார்ந்து தினமும் வருகிற ஆளின் பெயர் தெரியுமா என்று மாமா கேட்டார். தெரியாது என்றான். பிறகு யோசித்து, "எங்க பெட்டியில ஒரு அக்கா மயங்கி விழுந்தப்ப குரூப்ல போட்டேன் மாமா. நாலாவது பெட்டியில இருந்து ஒரு நர்ஸ் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி ஓடி வந்தாங்க. உங்க துண்டு வெச்சு அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றான். மாமாவிடம் பதில் இல்லை.

அவருடைய குழு தொடங்கியது ஒரு பள்ளி நண்பனால். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, எட்டாம் வகுப்பில் ஒன்றாகப் படித்த பதினொரு பேரை அவன் ஒரு குழுவில் அடைத்தான். ஒருவன் தன் அண்ணனைச் சேர்த்தான், அண்ணன் அண்ணியின் தம்பியைச் சேர்த்தான். அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்கலாம். ஒரே வருஷத்தில் இடம் நிரம்பி, புது ஆள் வர வேண்டுமானால் யாராவது வெளியே போக வேண்டும் என்ற நிலை வந்தது. அரசாங்க வேலைக்குக் காத்திருப்பது போல ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

பெங்களூர், ஓசூர், சென்னை, துபாய், டொரண்டோ. பெர்த்திலிருந்து ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. நாற்பது வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவர். ஆங்கில எழுத்தில் அவர் அடிக்கிற தமிழ் அச்சு அசல் தங்கவயல் தமிழ்: "இன்னா மேன், சாப்ட்டியா?" அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆங்கில எழுத்துக்கு மாறினார்கள். கன்னடப் பள்ளியில் படித்தவன், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், படிக்காமல் சுரங்கத்துக்குப் போனவன், எல்லாருக்கும் அதுதான் பொது எழுத்து. கிறிஸ்துமஸ் வந்தால் குழு முழுக்கக் குல்குல் பலகாரப் பேச்சு. அந்தப் பெண்மணியின் அம்மா தட்டு நிறைய அனுப்பியதை ஆளாளுக்கு நினைவுபடுத்துவார்கள். சிறு வயதில் அவருடைய பங்களா கேட்டைத் தாண்டி உள்ளே போகத் தயங்கிய பையன், இன்று அவரிடம் "உங்க நாய் ஒருமுறை என்னைக் கடிச்சது" என்று உரிமையோடு கணக்குக் கேட்கிறான். அவரும் அறுபது வருஷத்துக்கு முந்தின நாய்க்காக மன்னிப்புக் கேட்கிறார். ஒரே ஊரில் இருந்தபோது நடக்காத பேச்சு இது.

மாதம் ஒருமுறை தவறாமல் வருகிற செய்திகளும் உண்டு. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்த கதை. 1965-ல் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோவைக் கண்ட கதை. ஒவ்வொரு முறை வரும்போதும் பெருமை ஒரு படி ஏறும். 'இந்தியாவில்' என்று போனது 'ஆசியாவில்' என்று திரும்பி வரும். அடுத்த மாதம் 'உலகத்திலேயே'. யாரும் திருத்துவதில்லை. சினிமாவுக்குத்தான் கோபம் வரும். 2018-ல் 'கே.ஜி.எஃப்' படம் வந்து ஊர்ப் பெயர் நாடெங்கும் தெரிந்தபோது முதலில் பெருமை, படம் பார்த்த பிறகு "இதுல எங்க நைனா எங்கே?" என்று ஒருவர் எழுதினார். அந்த ஒரு வரிக்கு வந்த பதில்கள் இரண்டு நாள் ஓடின. 2024-ல் 'தங்கலான்' வந்தபோது அதே ஆள் தியேட்டரிலிருந்தே 'வந்துட்டாரு' என்று போட்டார்.

முன்பும் இந்த ஊர் தூரத்து மனிதர்களோடு பேசியிருக்கிறது. அயோத்திதாச பண்டிதர் 1907-ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். பிறகு அதுவே 'தமிழன்' ஆயிற்று. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914-ல் மறைந்த பின், 1926-லிருந்து ஜி.அப்பாதுரையார் 'தமிழன்' பத்திரிகையை இங்கிருந்தே நடத்தினார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த சங்கத்தாரோடு, சுரங்கத்தில் வெடி வைக்கிற ஆட்கள் ஒரே பேச்சில் இருந்தார்கள். மெட்ரோவில் சங்கு கேட்டவரின் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து வந்து, விகாரையில் ஒருவர் படிக்கக் கேட்டவர். ஒரு பிரதி, பத்துப் பேர். படிப்பவருக்கு இருமல் வந்தால் பத்துப் பேரும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பாதிப் பேச்சு நடந்தது என்று தாத்தா சொல்வாராம்.

குழுவில் ஒரு நாள் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ வந்தது. தகரக் கூரை போட்ட லைன் வீடுகள், நடுவில் தண்ணீர்க் குழாய், குடத்தோடு நாலு பெண்கள். எந்த லைன் என்று சண்டை. குழாயின் சாய்வை வைத்து ஒருவர் வாதாடினார், பின்னால் தெரிகிற சயனைடு மேட்டின், அதாவது சுரங்கக் கழிவு மண்மேட்டின், உயரத்தை வைத்து இன்னொருவர். குடத்தின் இடுப்பு வளைவைப் பார்த்து, 'இது எங்க சித்தி குடம்' என்று துபாயிலிருந்து ஒருவர் சத்தியம் செய்தார். இரண்டு நாளில் முந்நூறு செய்தி. மூன்றாம் நாள், ஊரிலேயே இருக்கும் ஒரு பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நின்று ஒரு படம் எடுத்துப் போட்டான். குழாய் இருந்த இடத்தில் சிமென்ட் மேடை மட்டும் இருந்தது. வீடுகளில் பாதி இல்லை. முள்செடி ஆள் உயரத்துக்கு நின்றது. ஓரத்தில் இன்னும் குடியிருக்கும் ஒரு வீட்டின் வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்துக்கு ஒருவரும் பதில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றைப் போட்டார்கள். குழு மூச்சுவிட்டு அதன் பின்னால் போனது.

அவருக்கு அன்று ஒரு விஷயம் உறைத்தது. குழுவில் இருக்கிற ஊர் 2001-ல் நின்றுவிட்ட ஊர். அங்கே யாருக்கும் வயதாகவில்லை. அதே இடத்தில் இப்போது குடியிருப்பவர்கள், விடியற்காலை வண்டியைப் பிடிப்பவர்கள், அந்தத் துணி காயப்போடும் பெண், இவர்கள் யாரும் குழுவில் இல்லை. சைக்கிள் பையனைக்கூடச் சேர்த்தது தாத்தாவின் செல்போனைக் கையாள ஆள் வேண்டும் என்பதற்காக.

இதே குழு ஆளையும் காப்பாற்றியது, ஒருமுறை ஆளை அடிக்கவும் பார்த்தது. 2018-ல் குழந்தை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிய காலம். அந்த மே மாதம் பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் பிழைக்க வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. ஜூலையில் பீதர் மாவட்டத்து முர்கியில், ஐதராபாத்திலிருந்து வந்த என்ஜினியர் ஒருவர் அதே மாதிரி செத்தார். இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது அதன் பிறகுதான். அந்த நாட்களில் ஒருநாள் ஆண்டர்சன்பேட்டைத் தெருவில் சாக்குப் பையோடு நடந்த ஒருவனின் போட்டோவைக் குழுவில் ஒருவர் போட்டார், 'உஷார்' என்று. டொரண்டோவிலிருந்து 'பிடிச்சு வைங்க' என்று பதில் வந்தது. தெருவில் நாலு பையன்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "ஏய், ஈயம் பூசுறவர் மவன்தானே நீ? உங்க நைனா கால் வீக்கம் எப்படி இருக்குது?" என்றாள். அவ்வளவுதான். பையன்கள் கலைந்தார்கள். வந்தவன் பழைய இரும்பு எடுக்கிறவன். ஆயாவிடம் இன்றுவரை செல்போன் கிடையாது.

ஊரடங்கு வந்த 2020-ல் ரயில் நின்றது. ரயில் நின்றால் தங்கவயலில் அடுப்பு நிற்கும். குழுவில் ஒருவர் 'என்ன செய்யலாம்' என்றார். அந்த இரவே பணம் வரத் தொடங்கியது, பெர்த்திலிருந்து முதல் தவணை. அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய் என்று பட்டியல் போட்டு, பேட்டையில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் சொல்லி, யார் யார் வீட்டில் வேலை போயிற்று என்று கேட்டுக் கேட்டு மூட்டை போனது. அந்த வீடுகளின் பட்டியலை மட்டும் குழுவால் எழுத முடியவில்லை. ஊரில் இருக்கும் சைக்கிள் பையனும் அந்த ஆயாவும் சேர்ந்துதான் எழுதினார்கள்.

அந்த மே மாதம் நண்பனின் அம்மா இறந்துபோனார். எட்டாம் வகுப்பு நண்பன், குழுவைத் தொடங்கியவன். அவன் துபாயில், தம்பி ஓசூரில். ஓசூர் பக்கம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை, போலீஸ் தடுப்பு. ஒரு தங்கை சென்னையில், ஒருத்தி மட்டும் ஆண்டர்சன்பேட்டையில். முன்பெல்லாம் சாவு விழுந்தால் ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைன் லைனாகப் போய்ச் சொல்லிவருவான். அவனுக்கு டீ கொடுத்து, 'எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க' என்று கேட்பார்கள். இப்போது குழுவில் செய்தி விழுந்த ஒரு நிமிஷத்தில் உலகத்துக்கே தெரிந்தது. போகத்தான் யாராலும் முடியவில்லை.

வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் அதுவரை நாலு பேர்தான் சேர முடியும். ஏப்ரல் கடைசியில் அதை எட்டாக்கியிருந்தார்கள். இடுகாட்டில் இருக்கும் செல்போனுக்கு ஓர் இடம் போனால் மீதி ஏழு. யார் அந்த ஏழு பேர் என்று ஒரு மணி நேரம் பேச்சு. பிள்ளைகள் மூவர், வேலூரில் இருந்த அந்த அம்மாவின் தம்பி, பெரிய பேத்தி. இரண்டு இடம் மீதி. ஒன்று இன்னோர் உறவுக்காரருக்குப் போனது. மற்ற இடம் அவருக்கு என்று நண்பன் சொன்னான். அந்த அம்மா கையால் களி சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். ஆனால் வாணியம்பாடிக்குக் குடிபோய்விட்ட பழைய பக்கத்து வீட்டுக்காரம்மா காலையிலிருந்து நாலு முறை போன் செய்துவிட்டார். இறந்துபோன அம்மாளோடு முப்பது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர். அவர் தன் இடத்தை அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

அதனால் அவர் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள். அக்கா மகன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தானாம். கை வலித்து அவ்வப்போது படம் வானத்துக்குப் போகுமாம். "கீழே காட்டுடா, கீழே காட்டுடா" என்று ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒவ்வொரு குரல். பிடி மண் போடுகிற நேரத்தில் துபாய்க்காரன், பதினாலாவது மாடியில், மண்ணில்லாத கையை நீட்டினானாம். பதிவு செய்த வீடியோவைப் பிறகு அவருக்கும் அனுப்பினார்கள். இன்னும் திறக்கவில்லை.

அன்று இரவு முழுக்கக் குழுவில் கூப்பிய கைகள் வந்துகொண்டே இருந்தன. துக்க வீட்டில் அடுப்பெரியாது என்பது ஊர் வழக்கம். ஊரிலிருந்த அந்தத் தங்கைக்குப் பதினாறு நாளும் சோறு வந்தது, பக்கத்து மூன்று வீடுகளிலிருந்து முறை வைத்து. அந்த மூன்று வீட்டில் ஒருவரும் குழுவில் இல்லை.

பெங்களூர் ராமமூர்த்தி நகர் அடுக்குமாடியில் அவர் குடியேறிப் பல வருஷமாகிறது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது பெர்த்துக்கும் துபாய்க்கும் மாறி மாறிப் பதில் அடித்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி கேட்டார்: "எதிர் ஃபிளாட்டுக்காரர் பைபாஸ் பண்ணி வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு. தெரியுமா உங்களுக்கு?" தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனதே தெரியாது. அவசரமாக எழுந்து சட்டை போட்டார். "இப்ப மணி பத்து. அவர் தூங்கியிருப்பார். உக்காருங்க" என்றார் மனைவி.

மகள் உளவியல் படிக்கிறவள். அப்பாவுக்கு ஆதரவாகப் பேசுவாள் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் பேசினாள். 1998-ல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் கிரவுட் என்பவரும் மற்றவர்களும் 73 வீடுகளில் 169 பேரைக் கவனித்தார்களாம். இன்டர்நெட்டில் அதிகம் இருந்தவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, தனிமை கொஞ்சம் கூடியது என்று எழுதினார்களாம். நாலு வருஷம் கழித்து வந்த அடுத்த கட்டுரையில், அதே ஆட்களைத் திரும்பப் பார்த்தபோது அந்தக் கெடுதலில் பெரும்பகுதி காணாமல் போயிருந்ததாம். வேறு ஆட்களை வைத்துப் பார்த்தபோது, பொதுவாகவே நாலு பேரோடு பழகுகிறவர்களுக்கு இன்டர்நெட் நல்லது செய்தது, ஒதுங்கியே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. "நீங்க எந்த ரகம்ப்பா?" என்றாள். அவர் மறுநாள் காலை எதிர் ஃபிளாட் மணியை அடித்தார், ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு.

மெட்ரோவில் சங்கு ஊதிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போனார். அதற்குள் அந்த ஆடியோ குழுவை உலுக்கியிருந்தது. நூறு பேருக்கு மேல் அழுதிருந்தார்கள். துபாய்க்காரன் அதை ரிங்டோனாக வைத்துவிட்டான். பெர்த்துப் பெண்மணி தன் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டியதாகவும், சின்னவள் பயந்து மடியில் ஏறிக்கொண்டதாகவும் எழுதியிருந்தார்.

மாரிகுப்பத்தில் இறங்கி நடந்தால் பேட்டை. தெருமுனையில் வைண்டிங் என்ஜின் ஓட்டிய மாமா வீடு. ஆட்களைக் கூண்டில் வைத்து ஷாஃப்ட்டுக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கையில் இருந்தது. நைனாவை எத்தனை ஆயிரம் முறை இறக்கி ஏற்றினாரோ. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, காது ஒரு பக்கம்தான் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இவர் செல்போனை அந்தக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆடியோவைப் போட்டார்.

மாமா கடைசிவரை கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது நம்ம சங்கு இல்லப்பா."

"என்னா மாமா சொல்றீங்க?"

"எடுத்ததும் கத்துது பாரு. நம்மது அப்படி கத்தாது. வயித்துல இருந்து எழும்பும். மெதுவா ஏறும். மேல போய் நிக்கும். எறங்கறப்பதான் அழுவும். இது ஏதோ மில்லு சங்கு."

அவருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. மெட்ரோவில் கேட்ட மாத்திரத்தில் அம்மாவைப் பார்த்தாரே. செல்போனை எடுத்து, 'இது நம்ம சங்கு இல்லையாம்' என்று அடித்தார். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. பெர்த்தில் மடியில் ஏறிய குழந்தை நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்தார்.

"எப்படி ஊதும் மாமா? ஒருமுறை செஞ்சு காட்டுங்க."

மாமா சிரித்தார். வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். பிறகு இரண்டு கையையும் வாய்க்கு முன்னால் குவித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் அடியில் எங்கேயோ ஒரு உறுமல் கிளம்பியது. மெல்ல மெல்ல ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. மேலே போய் ஒரு நொடி நின்றது. இறங்கும்போது குரல் உடைந்தது, இருமல் வந்துவிட்டது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஈரத் துணியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஆயா தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். கோலி விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"இன்னா மாமா," என்றாள் அந்தப் பெண், "இந்த வயசுல ஷிஃப்ட்டா?"

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பேச முடியவில்லை. பொறு, இன்னொரு முறை என்று விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.